கதிரியக்கத் தூசி – கடல் தாண்டிய பரவல்

அணுகுண்டு வெடிப்பிலும் அணு உலை விபத்திலும் வெளிப்படும் கதிரியக்கப் பொருள்கள் காற்றோடு கடலைக் கடந்து தொலைநாடுகளில் படிவது. மலாக்காவின் புக்கிட் காத்தில் வட்டாரத்தார்க்கு இதன் போக்கு புதிதன்று. சுமத்ராவில் காடு எரிந்தால் தென்மேற்குக் காற்று புகைமூட்டத்தை நீரிணை தாண்டி மலாக்காவுக்குக் கொண்டுவந்துவிடும். புகை கண்ணைக் கரிக்கும், கதிரியக்கத் தூசி கரிக்காது. கதிரியக்கப் பொருள்களில் சீசியம் நுண்தூசியில் ஒட்டிப் பயணம் செய்து மழையோடு இறங்கும். செனான் வாயுவை மழை கழுவுவதில்லை.

1954 மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் குண்டின் வெண்சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீது விழுந்தது. அவர்களில் வானொலிப் பணியாளர் செப்டம்பரில் இறந்தார். கதிர்வீச்சே காரணம் என்றும், சிகிச்சையில் ஏற்றிய இரத்தத்தால் வந்த கல்லீரல் நோய் என்றும் இரு கருத்துகள் உண்டு. 1963-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் வெளிக்காற்றுச் சோதனைகளைக் கைவிட்டன. பிரான்ஸ் 1974 வரையிலும் சீனா 1980 வரையிலும் தொடர்ந்தன. 1986-இன் செர்னோபில் அணு உலை விபத்தின் மேகம் பெரும்பாலும் நிலத்தின் மேலேயே படிந்தது.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் அடுத்து ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகளிலிருந்து காற்றில் வெளியேறிய சீசியம்-137, ஐ.நா. அறிவியல் குழுவின் மதிப்பீட்டில் 6 முதல் 20 பெட்டாபெக்கெரல் வரை. காற்றில் கலந்ததில் ஏறத்தாழ 80 விழுக்காடு பசிபிக் கடலில் விழுந்ததாகப் பல ஆய்வுகள் கூறினும் கணக்குகள் ஒன்றுபோல் இல்லை. அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை அமைப்பின் நிலையங்களில் ஜப்பானின் தகாசாகி மார்ச் 12-ஆம் தேதியே கதிரியக்கப் பொருளைக் கண்டது. சில நாள்களில் அமெரிக்க மேற்குக் கரையும் கண்டது. நான்கு வாரம் வடகோளத்துக் காற்றிலேயே சுற்றிய அத்தூசி, ஏப்ரல் 13-க்குள், அதாவது சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாளுக்குள், ஆஸ்திரேலியா, பிஜி, பாப்புவா நியூகினி, மலேசியா நிலையங்களிலும் பதிவாகியிருந்தது என அவ்வமைப்பு அறிவித்தது. அறிவிப்பு இவற்றைத் தென்கோளம் என்ற பெயரில் சேர்க்கிறது. மலேசிய நிலையமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ளது. இரு கோளக் காற்றுகளும் சந்திக்கும் வளையம் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதைக் கொண்டு இதை விளக்கலாம்.

அந்த நிலையம் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தானா ராத்தாவில் இருக்கிறது. அவ்வமைப்பின் வலையமைப்பில் மலேசியாவுக்குரியது அது ஒன்றே. ஒரு நாள் முழுதும் காற்றை வடிதாள் வழியே இழுப்பார்கள். இயற்கைக் கதிரியக்கம் அடங்க மறுநாள் அந்தத் தாளை ஆறவிடுவார்கள். மூன்றாம் நாள் அளப்பார்கள். உலையிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இம்மலையின் தாளில் கிடைக்கும் துகள் நலக்கேட்டுக்கு அளவன்று, காற்று வந்த வழிக்குச் சாட்சி. அயோடின்-131 எட்டு நாளுக்கொருமுறை பாதியாகும். மார்ச் 11 முதல் ஏப்ரல் 13 வரையிலான 33 நாளில் அது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும்.

பின்னர் 2017-இல் ஐரோப்பாவின் காற்றில் ருத்தேனியம்-106 என்ற கதிரியக்கப் பொருள் காணப்பட்டது. 2023 ஆகஸ்ட் 24 முதல் ஃபுகுஷிமாவிலிருந்து திறந்துவிடப்படும் சுத்திகரித்த நீரோ காற்றுவழியன்றி நீரோட்டவழிப் பரவலைச் சேர்ந்தது.