மரத்தளம், வெளிச்சுவர் புதுப்பித்தல்: முதலில் ஈரம், கடைசியில் சாயம்

தீபாவளி நெருங்கும்போதுதான் நம்மில் பலர் வீட்டுக்குச் சாயம் பூசத் தொடங்குகிறோம். ஆனால், தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மாலை மழை கொட்டுகிறது. ஈரம் காயாத சுவரிலும் மரத்திலும் பூசிய சாயம் விரைவில் உப்பி உரிந்துவிடும். மழை குறைந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை.

மரம் ஏன் வெளுக்கிறது?

வெயிலின் புற ஊதாக் கதிர்கள், மரத்தின் மேற்பரப்பில் உள்ள ‘லிக்னின்’ என்ற பொருளைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிவிட, சாம்பல் நிற நார் மிஞ்சுகிறது. செங்கால் போன்ற வன்மரங்களில் இது பெரும்பாலும் மேலோட்டமான பாதிப்புதான்.

பலகைகளையும் அவற்றைத் தாங்கும் சட்டங்களையும் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். மண்தடங்கள் தெரிந்தால் முதலில் கரையானை ஒழிக்க வேண்டும்.

நீர் வரும் வழியை அடையுங்கள்

கூரையோரக் கால்வாயில் அடைத்த இலைகளை அகற்றுங்கள். வழியும் நீர் சுவரை நனைக்கும். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசுவும் பெருகும். சுவரில் உள்ள மெல்லிய விரிசல்களைச் சுரண்டி, வெளிப்புறத்துக்கு உரிய பூச்சால் நிரப்புங்கள். விரிசல் அகலமாகிக்கொண்டே போனால், பூசி மறைக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள்.

மரத்தளத்திற்கான படிகள்

1. சோப்பு நீரால், மர இழையின் திசையில் தேய்த்துக் கழுவுங்கள். உயர் அழுத்த நீரை மிக அருகில் பாய்ச்சினால் நார் பிய்ந்துவிடும்.

2. குறைந்தது இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

3. மேலெழுந்த திருகாணிகளை இறுக்குங்கள். துருப்பிடித்தவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பொருத்துங்கள்.

4. முகக்கவசம் அணிந்து 60, பிறகு 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். அதைவிட வழுவழுப்பாக்கினால் எண்ணெய் சரியாக ஊறாது. மிகப் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது.

5. வார்னிஷ் வெயிலில் வெடித்து உரியும். ஆகவே, நிறமி கலந்த மர எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஊறாமல் நிற்பதைத் துடைத்துவிடுங்கள். நிறமற்ற எண்ணெய் புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. பலகைகளின் வெட்டு முனைகளே நீரை அதிகம் உறிஞ்சும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

கவனம்

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

ஆண்டுக்கொரு முறை தளத்தில் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். நீர் முத்துமுத்தாக நின்றால் பூச்சு நன்றாக உள்ளது. உடனே ஊறினால் கழுவிக் காயவைத்து, மீண்டும் ஒருமுறை எண்ணெய் பூசினால் போதும்.