துண்டு முதல் சேவைக்காலப் பணம் வரை: மலையகக் குடும்பங்களின் கடனும் சேமிப்பும்

மலையகத் தோட்டங்களில் கடன், தேயிலைக்கும் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணிகள், அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முன்பணம் கொடுத்தார்கள். ஊரில் இருந்த பழைய கடனை அடைக்க, கப்பலுக்குக் கட்ட, வழியில் சாப்பிட என்று வாங்கிய அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. மலைக்குளிருக்காகக் கொடுத்த கம்பளியும் அதே கணக்கில் ஏறியது. வேலையில் முதல் நாள் நிற்கும்போதே அவர் கடன்காரர்.

கோப்பிக் காலத்தில் இந்தக் கடனுக்கு ஓர் எல்லை இருந்தது. அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை மலைகளெங்கும் பரவியபோது நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்கள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் தங்கின. ஒரு பருவத்தோடு முடிய வேண்டிய பற்று, ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்து பிள்ளைகள் தலையெடுக்கும்வரை நீண்டது.

இந்தக் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய கருவிதான் துண்டு. ஒரு கங்காணியும் அவரது ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை பேரை விடுவிப்பேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். தொகை அதோடு தீராது. புதிய தோட்டத்தின் ஏட்டில் மீண்டும் பற்றாகும். ஆள்பற்றாக்குறைக் காலங்களில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டதால் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போனது. ஏறிய தொகையில் பெரும்பங்கு, மற்றக் கங்காணிகளுக்கு மேலே இருந்த பெரிய கங்காணியின் கைக்குப் போயிற்று. தொழிலாளிக்குக் கிடைத்ததோ தன் பெயரில் கூடிய கடன் மட்டுமே. தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. ஏடு கங்காணியிடம் இருந்தது.

பெரிய கங்காணி இதில் வெறும் இடைத்தரகர் அல்லர். தன் ஆட்களில் வேலைக்கு வந்து நிற்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. பல தோட்டங்களில் கடையும் அவருடையதே. ஆட்களைத் திரட்டுவதற்கான முதலை அவர் தோட்டத்திடமிருந்தும் செட்டிமாரிடமிருந்தும் கடனாக எடுத்தார். எனவே துரை கங்காணிக்குக் கொடுத்த கடன் ஒன்று, கங்காணி தொழிலாளிக்குக் கொடுத்த கடன் ஒன்று என இரண்டு அடுக்குகள் இருந்தன. இரண்டுக்கும் ஈடு தொழிலாளியின் உழைப்புத்தான். கடனோடு தோட்டத்தை விட்டு ஓடியவரைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுத்தது. சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாவதும் வழக்கம். கைக்குச் சம்பளம் வராத மாதங்களில் அரிசி கடனாக வரும். அந்த அரிசியின் விலை வரவிருக்கும் சம்பளத்தைத் தின்னும்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. தோட்டம் மாறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பற்றுச்சீட்டு எனப்பட்ட விடுவிப்புச் சீட்டு வழங்கப்பட்டது. 1923இன் இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், ஆள்திரட்டும் செலவைப் பொது நிதியொன்று ஏற்றது. புதிதாக வந்தவர்கள் கடனின்றி வந்து இறங்கினார்கள். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1929இல் மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயமாயின. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யர், கங்காணிக் கடனை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். சட்டம் ஒழித்ததை மனத்திலிருந்தும் ஒழிக்க அந்தப் பேச்சு தேவைப்பட்டது. கங்காணியிடம் கடன்பட்டிருக்கிறோம் என்ற அச்சம் தாளோடு போய்விடவில்லை.

இந்தக் காலம் முழுவதிலும் குடும்பங்கள் சேமிக்காமல் இருந்தன என்று நினைப்பது தவறு. குடும்பம் தங்கிய காம்பராவுக்கு, அதாவது லயத்து அறைக்கு, வாடகை இல்லை. ஆனால் அது சொந்தமும் இல்லை. சொந்தமில்லாத வீட்டில் பணம் போட முடியாது. ஆகவே சேமிப்பு, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்களில் தங்கியது. முதலில் தங்கம்: தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி. அது உடலில் கிடக்கும். முடை வந்தால் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வரும். அடுத்தது மாடு. லயத்தின் பின்னால் கட்டிய தொழுவமும் அதன் எருவில் விளைந்த மரக்கறியும் சம்பளத்துக்கு வெளியே இருந்த ஒரே வருமானமாகப் பல வீடுகளில் அமைந்தன. மூன்றாவது, ஊருக்கு அனுப்பிய மணியார்டர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அரைக்காணி நிலமாவது வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையோடு அந்தப் பணம் போயிற்று. 1885இல் தொடங்கிய தபால் அலுவலகச் சேமிப்பு வங்கி இருந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதன் கதவு கனமானது.

நான்காவதாகச் சீட்டு. இது இன்றும் லயங்களில் உயிரோடு இருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டால், குலுக்கலில் பெயர் விழுபவருக்குப் பத்தாயிரம் கைக்கு வரும். பத்து மாதத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். வட்டி இல்லை, எழுத்து இல்லை. சம்பள நாளன்றே பணம் பிரிக்கப்படும், ஏனென்றால் அடுத்த நாள் அது இருக்காது. சீட்டுப் பிடிப்பவரை நம்புவதற்கான ஒரே ஆதாரம் அவர் அதே லயத்தில் குடியிருப்பதுதான்.

முதுமைக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட முதல் பணம் 1958இல் வந்தது. அவ்வாண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழிலாளியின் பங்கை 4 சதவீதமாகவும் முதலாளியின் பங்கை 6 சதவீதமாகவும் வைத்தது. பின்னர் அவை 8 சதவீதமாகவும் 12 சதவீதமாகவும் உயர்ந்தன. நிதியை மத்திய வங்கி நிர்வகிக்க, கணக்கையும் உரிமைகோரலையும் தொழில் திணைக்களம் பார்த்துக்கொள்கிறது. இதன் பொருள் மலையகத்தில் தனியானது. ஒருவரது பெயரில் தோட்டத்து ஏட்டில் பல தலைமுறைகளாகக் கடன் மட்டுமே ஏறிவந்தது. அவர் பெயரில் வரவு ஏறத் தொடங்கியது இப்போதுதான். பெண்களுக்கு இது இன்னும் பெரிய மாற்றம். கொழுந்து பறித்த பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிப்போவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. சேமலாப நிதியை அப்படி வாங்க முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. அதன் பிறகே இரு கணக்குகளும் ஒரே வேகத்தில் வளர வழி பிறந்தது.

ஆனால் அந்த வரவு நிலைபெறும் முன்னரே பெரும் பகுதியினர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. சேமலாப நிதி உட்படத் தம் உடைமைகளை எடுத்துச்செல்ல அந்த ஒப்பந்தம் அனுமதித்தது; ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் இருந்தது. வாழ்நாள் உழைப்பின் சேமிப்பைக் குறித்து இரு அரசுகள் எழுதிய வாசகம் அவ்வளவே. நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் அங்கே மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இலங்கையில் தங்கியவர்களுக்கு மேலும் இரண்டு வரவுகள் சேர்ந்தன. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலாளி மட்டும் 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியம் ஒன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் மற்றொன்று. தோட்டங்களில் சேவைக்காலப் பணம் என்று சொல்லப்படுவது இந்தப் பணிக்கொடைதான். ஐந்தாண்டு வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் வீதம் அது கணக்கிடப்படுகிறது.

எந்த நாளின் சம்பளம் என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. கடைசியாகப் பெற்ற சம்பளமே அளவுகோல். 2019இன் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 30 ஆண்டு வேலை செய்துவிட்டு அந்தச் சம்பளத்தோடு நின்றவருக்கு 700ஐ 14ஆலும் 30ஆலும் பெருக்க 2,94,000 ரூபா வரும். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணயச் சபையின் வழியே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. அதே 30 ஆண்டு வேலை செய்து அந்தச் சம்பளத்தோடு நின்றவருக்கு 5,67,000 ரூபா. ஒரே மலையில், ஒரே நிரையில் கொழுந்து பறித்த இருவர் சில ஆண்டு வித்தியாசத்தில் ஓய்வுபெற்றதால் இத்தனை இடைவெளி. இடையில் விலைவாசியும் ஓடியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அதற்கு முன் பணத்தை வாங்கி வைத்திருந்தவரின் இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. சம்பளத்தோடு சேர்க்கப்படும் ஊக்குவிப்புக் கொடுப்பனவுகளுக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் அடிப்படைச் சம்பளத்தையே உயர்த்தச் சொல்லி வாதாடியதன் காரணம் இதுதான். கொடுப்பனவு அன்றைய சோற்றுக்கு உதவும், முதுமைக் கணக்கில் ஏறாது.

வரவு ஒரு பக்கம் வளர, சம்பளத் தாளின் கழிவுப் பக்கம் குறையவில்லை. சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, மரண உதவிச் சங்கம், தேயிலைத் தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று அது இறங்கும். மாதத்தில் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலைப்பதிவு, விழுந்தது என்பதைப் பொறுத்தே மிச்சம். பறித்த கொழுந்து நிர்ணய நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் விழும். முற்பணம் தீபாவளிக்கு முன் மகிழ்ச்சியாக வந்து, அடுத்த தீபாவளிவரை மாதா மாதம் போகும்.

வீட்டுக்கடன் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 1990களில். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது தொழிலாளர் வீடமைப்புக்கென ஒரு நிதியம் அமைந்தது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதன் பிந்திய பெயர். தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. 7 பேர்ச் நிலம் காட்டப்படும். கடன் பெரும்பாலும் சீமெந்து, தகரம், மரம் ஆகிய பொருள்களாக வரும். சுவரை எழுப்பும் உடலுழைப்பு குடும்பத்தினுடையது. தவணை சம்பளத்தில் கழியும். லயத்தின் புகைபிடித்த ஒற்றைக் காம்பராவிலிருந்து தனி வீட்டுக்குப் போன மகிழ்ச்சி பெரிது. ஆனால் உலகின் மற்ற இடங்களில் வீட்டுக்கடன் என்றால் வீடே ஈடு. இங்கே நிலம் அரசுடையது, கம்பனிகள் அதை 53 ஆண்டுக் குத்தகையில் வைத்திருக்கின்றன. கடன்பட்டுக் கட்டிய வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. பத்திரமில்லாத வீட்டை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. ஆகவே ஈடாக நின்றது மறுபடியும் தொழிலாளியின் மாதச் சம்பளமே. துண்டுக் காலத்தின் கொடுமை இதில் இல்லை, இரண்டையும் ஒன்றென்பது அநியாயம். கடனுக்கு உழைப்பைத் தவிர வேறு ஈடு இல்லாத நிலை மட்டும் மாறவில்லை.

ஓய்வுபெறும் வயதில் அந்த நிலை கூர்மையாகத் தெரிகிறது. சம்பளம் நின்றால் தவணை கழிக்க இடமில்லை. மீதியை மொத்தப் பணத்திலிருந்து அடைக்க வேண்டும், அல்லது வீட்டில் வேறொருவர் பேர் போட வேண்டும். லயக் காம்பராவில் இருப்பவருக்கும் அதே கேள்விதான், ஏனென்றால் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டது. பெற்றோரின் இருப்பிடத்துக்காகப் பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் நிற்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அரசு ஊழியரைப்போல மாதாமாதம் ஓய்வூதியம் வராததால், சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமுமாகச் சேரும் தொகையே கடைசிப் பெரும் பணம். அடகில் கிடக்கும் நகை, மகளின் கல்யாணக் கடன், மகனின் முச்சக்கர வண்டிக்கு முதற்பணம், கூரை என எல்லாமே அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும்.

அந்த நாளும் லேசில் வருவதில்லை. சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் வேலையை விட்டபின் கேட்கலாம். அதற்குக் கோரிக்கை விண்ணப்பமான கே படிவமும் உறுப்பினர் அட்டையான பி கார்டும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் இராமாயி, தோட்டத்து செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் ராமாய், அடையாள அட்டையில் ராமாயம்மா என்று இருந்தால் மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து நிரூபிக்க வேண்டும். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய பழைய ஏடுகளின் விலையை முதியவர்கள் தொழில் அலுவலகத்துக்கு அலையும் பஸ் கட்டணமாகக் கொடுக்கிறார்கள். நெடுங்காலம் நாடற்றவராக இருந்தவர்களுக்கு அடையாள அட்டையே பிந்திக் கிடைத்தது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

ஓய்வுக்கு முன்பே நிதியில் 30 சதவீதம்வரை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ எடுக்கும் வசதி 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் குறைந்தது 10 ஆண்டு பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சம் ரூபாவும் வேண்டும். 700 ரூபா சம்பளக் காலத்தில் 25 நாள் பேர் விழுந்தவருக்கு மாதம் சேர்ந்தது 3,500 ரூபா. வட்டியோடு சேர்த்தாலும் அந்த வாசலை எட்டச் சில ஆண்டுகள் ஆகும். எட்டியபின் வீட்டுக்கென்று கேட்டால் நிலத்தின் பத்திரம் கேட்கப்படும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த 10,000 வீடுகள், அதற்கு முன் தொடங்கிய 4,000 வீடுகள் ஆகியவை கடனாக அன்றி நன்கொடையாக வந்தவை. பத்திரத்தோடு வீடு பெற்ற குடும்பங்களுக்கு நிலம் முதன்முறையாகச் சொத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது. மற்றக் குடும்பங்கள் இன்னும் சம்பளத் தாளின் கழிவுப் பக்கத்திலேயே வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியதால், உடம்பு தாங்கினால் தவணை கழிய இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கின்றன.