வேகக் காரும் மதுசாரமும்

1921ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் டேற்றன் நகரிலிருந்து இந்தியானாபொலிஸ் நகருக்கு ஒரு மோட்டார்க் கார் புறப்பட்டது. அதனைச் செலுத்தியவர் ஜெனரல் மோட்டர்ஸ் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி. மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் கூட்டமொன்றிற்கு அவர் சென்றுகொண்டிருந்தார். காரின் எஞ்சின் அக்காலத்துச் சாதாரண எஞ்சின்களைவிட மிகுந்த நெருக்கல் உடையது. அதன் தாங்கியில் இருந்ததோ வெறும் பெற்றோலன்று. நூற்றுக்கு முப்பது பங்கு மதுசாரம் கலந்த பெற்றோல். மதுசாரத்தின் நன்மைகள் பெரியன, குறைகள் சிறியன என்பதே அந்நாளில் மிட்ஜ்லியின் கருத்து. ஆயினும் இரண்டு மாதங்களுக்குள் அவர் வேறொரு பொருளைக் கண்டுபிடித்தார். உலகம் அதன் பின்னே போயிற்று.

இங்கே மதுசாரம் என்பது எதனோல். கள்ளிலும் சாராயத்திலும் உள்ள அதே பொருள்தான். கரும்புப் பாகையோ தானியத்தையோ நொதிக்கச் செய்து வடித்தெடுப்பது. அது பெற்றோலுக்குத் துணையாக வேண்டிய தேவை எங்ஙனம் எழுந்தது என்பதை அறிய, எஞ்சினின் உள்ளே சற்று நோக்குதல் வேண்டும்.

உருளையினுள் புகுந்த பெற்றோல் ஆவியும் காற்றும் முசலத்தால் நெருக்கப்பட்டு, மின்பொறியால் எரிகின்றன. நெருக்கல் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்கு அதே எரிபொருளிலிருந்து பெறும் வலுவும் மிகும். ஆனால் ஓர் எல்லையுண்டு. நெருக்கத்தாலும் சூட்டாலும், சுவாலை வந்து தீண்டுமுன்பே மூலையிலுள்ள கலவை தானாக வெடித்துவிடும். சுத்தியலால் இரும்பைத் தட்டினாற் போன்ற ஓசை எழும். பொறியியலாளர் அதனைத் தட்டொலி என்பர். அது நீடிப்பின் முசலம் உருகித் துளைபடுதலும் உண்டு. மதுசாரமோ இவ்வாறு தானாக வெடிப்பதை எளிதில் எதிர்த்து நிற்பது. மேலும், அது ஆவியாகும்போது பெற்றோலைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், உட்புகும் காற்றுக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அடர்த்தி மிகுந்தால் வலுவும் மிகும். வேகக் காருக்கும் மதுசாரத்துக்கும் உள்ள உறவு முழுவதும் இவ்விரு குணங்களால் அமைந்ததே.

இவ்வுண்மையை இங்கிலாந்தில் ஹரி ரிக்காடோ என்னும் பொறியியலாளர் நன்கறிந்திருந்தார். நெருக்கலை ஓடும்போதே கூட்டவும் குறைக்கவும் வல்ல சோதனை எஞ்சின் ஒன்றை அமைத்து, எந்த எரிபொருள் எவ்வளவு நெருக்கலைத் தாங்கும் என அவர் அளந்தார். மதுசாரம் முன்னணியில் நின்றது. பந்தயக்காரருக்கென அவர் வகுத்த மதுசாரக் கலவைகள் டிஸ்கோல் என்னும் பெயரால் விற்கப்பட்டன. பிற்காலத்தில் மதுசாரம் கலந்த பெற்றோலொன்று பிரித்தானியாவின் பொதுச் சாலைகளிலும் கிளீவ்லண்ட் டிஸ்கோல் என்னும் பெயருடன் 1960கள் வரை விலைப்பட்டது.

அமெரிக்காவில் கதை வேறு திசையிற் சென்றது. 1921 டிசம்பர் 9ஆம் நாள் மிட்ஜ்லியின் ஆய்வுகூடத்தில் எதைல் ஈயம் சோதிக்கப்பட்டது. பெற்றோலில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக அதைச் சேர்த்தாலே தட்டொலி அடங்கிற்று. மதுசாரமாயின் நூற்றுக்குப் பத்து, இருபது என்று கலக்க வேண்டும். அன்றியும் மதுசாரம் நீரை ஈர்ப்பது. நீர் சிறிது மிகுந்தாலும் அது பெற்றோலை விட்டுப் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கிவிடும். மதுவிலக்குச் சட்டம் வேறு அந்நாட்டில் அப்போது நடைமுறையில் இருந்தது. ஈயத்தைத் தேர்ந்தவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. எதைல் ஈயக் கலவைக்குத் தனியுரிமைப் பத்திரம் பெறலாம். மதுசாரமோ வயலும் வடிசாலையும் உடைய எவரும் ஆக்கக்கூடிய பழம்பொருள்.

1923 பெப்ரவரியில் டேற்றன் நகரில் ஈயம் கலந்த பெற்றோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்ற கார்கள் அந்தப் பெற்றோலையே பயன்படுத்தின. விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆயின் 1924 ஒக்ரோபரில் நியூஜேர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் எதைல் ஈயம் ஆக்கிய தொழிலாளர் ஐவர் அறிவு பேதலித்து மாண்டனர். முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். செய்தியாளரை அமைதிப்படுத்த மிட்ஜ்லி அத்திரவத்திலே தம் கைகளைக் கழுவிக் காட்டினார். அவரே அதற்கு முந்திய ஆண்டு ஈய நஞ்சால் தாக்குண்டு ஓய்வெடுக்கச் சென்றிருந்தவர்!

1925 மே மாதத்தில் வாஷிங்டனிற் கூடிய அரசாங்க மாநாட்டில் அலிஸ் ஹமில்ரன் என்னும் மருத்துவ அறிஞை ஈயத்தின் தீமையை வலியுறுத்தினார். தொழிலதிபர் தரப்பினரோ இது விலக்கத்தகாத பொருள் என்று வாதாடினர். தட்டொலியை அடக்க அறிவியல் அறிந்த வேறு பொருள் இல்லை என்னும் கூற்று அவ்வாண்டில் மிட்ஜ்லியின் வாயிலிருந்தும் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தாங்கி நிறைய மதுசாரக் கலவையுடன் இந்தியானாபொலிஸ் சென்றவர் அவர்தாம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தடைவிதிக்கப் போதிய காரணம் இல்லை என்று நிபுணர் குழு 1926இல் அறிக்கையிட்டது. ஈயம் நிலைபெற்றது.

பொதுச் சாலை மறந்ததைப் பந்தயத் திடல் மறக்கவில்லை. 1930களில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பந்தயக் கார்கள் மெதனோல் என்னும் மரச்சாராயத்தைப் பெரும்பகுதியாகக் கொண்ட கலவையில் ஓடின. 1937ஆம் ஆண்டுக் கார் 550 குதிரை வலுவுக்கும் மேல் தந்தது. 1958இல் உலகப் பந்தயங்களில் விமானப் பெற்றோல் கட்டாயமாக்கப்பட்டபோது அந்த மரபு ஐரோப்பாவில் அற்றது. அமெரிக்காவில் நிலைமை தலைகீழாயிற்று. 1964 மே 30இல் இந்தியானாபொலிஸ் திடலில் நிகழ்ந்த மோதலில் பெற்றோல் தீப்பற்றி, எடி சாக்ஸ், டேவ் மக்டொனால்ட் என்னும் இரு வீரர்கள் மாண்டனர். அதன்பின் அங்கே மெதனோல் வழக்காயிற்று. நீரூற்றி அணைக்கத்தக்க தீ அது. ஆனால் பகலொளியில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது என்ற அபாயமும் அதற்குண்டு. 2006இல் அதனுடன் எதனோல் பத்து வீதம் கலக்கப்பட்டது. 2007இல் எதனோலே அப்பந்தயத்தின் எரிபொருளாயிற்று.

இதற்கிடையில் ஈயத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது. காற்றிலும் கடலிலும் மனித உடலிலும் ஈயம் எவ்வளவு பெருகியுள்ளது என்பதை 1965இல் கிளேயர் பற்றர்சன் என்னும் விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குன்றச் செய்கின்றது என்பது பின்னர் உறுதியாயிற்று. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக விற்ற அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. பிரேசில் நாடோ கரும்பு மதுசாரத்தைப் பெற்றோலுடன் கலக்குமாறு 1931இலேயே சட்டம் செய்திருந்தது. 1975க்குப் பின் கலப்பு அங்கே பெருகவே, ஈயத்தைக் கைவிடுதல் அந்நாட்டுக்கு எளிதாயிற்று.

இன்று வேகக் காரின் எஞ்சின், சுழலியால் காற்றைத் திணித்து ஓடுவது. ஆகவே தட்டொலியின் அச்சம் முன்னிலும் பெரிது. சுவீடனின் கோனிக்செக் நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய கார், 85 வீத எதனோல் கலவையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரை வலுவைத் தந்தது. பெற்றோலில் ஓடிய அதன் இணைக்காருக்கு 806 குதிரை வலுவே. இக்கலவை எளிதாய்க் கிடைக்கும் அமெரிக்காவில், கார்ப் பிரியர் பலர் அதனை உயர்தரப் பெற்றோலுடன் தாமே கலந்துகொள்கின்றனர். இதற்குக் கணக்கு வேண்டும். எதனோல் எரிவதற்குப் பெற்றோலைவிடக் குறைந்த காற்றே போதும்; ஆதலின் எரிபொருள் கூடுதலாகப் பாய வேண்டும். 85 வீதக் கலவையாயின் ஏறக்குறைய நாற்பது வீதம் மிகை. பம்பியும் பீச்சுகுழலும் அதற்கு ஈடுகொடாவிடின் கலவை மெலிந்து, எந்தத் தட்டொலிக்கு அஞ்சினரோ அதுவே வந்து சேரும். பழைய கார்களின் இறப்பர்க் குழாய்களையும் மதுசாரம் அரித்துவிடும்.

இவற்றையெல்லாம் எண்ணி, பெரிய மாற்றமின்றி எஞ்சின் தாங்கக்கூடிய அளவென்று அவர்களிற் பலர் கொள்வது, 50 லீற்றர்த் தாங்கியில் 85 வீதக் கலவை ஏறக்குறைய 18 லீற்றர். எஞ்சியது மதுசாரம் கலவாத உயர்தரப் பெற்றோல். கணக்கிட்டால் தாங்கியில் அமைவது நூற்றுக்கு முப்பது பங்கு மதுசாரம். 1921இல் டேற்றனிலிருந்து புறப்பட்ட காரில் இருந்ததும் அதே அளவே.