மன்னார்க் கரையும் மழலையின் இலக்கணமும்

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் மாந்தைத் துறைமுகத்திலிருந்து தொடங்குவதுண்டு. 1560இல் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் கோட்டையிலிருந்து தொடங்குவதுமுண்டு. பள்ளிமுனையின் பெருக்கு மரத்தை அறபு வணிகரோடு சேர்த்துப் பேசுவர். முத்துக்குளிப்பு, தலைமன்னார் இறங்குதுறை, 1990இன் வெளியேற்றம் என்று அந்த வரலாறு நீளும். இவற்றுள் எங்கும் குழந்தையின் பேச்சுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு சமூகம் எங்கிருந்து வந்தது, யாரோடு வாழ்ந்தது, எதை இழந்தது என்பதைக் கல்வெட்டுக்கு நிகராகக் காட்டக்கூடியது அதன் பிள்ளைகள் பேசும் மொழி.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தம் மண்ணைவிட்டு வெளியேறினர். மன்னார்த் தீவின் கரைகளிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனவர்கள் பலர். அந்தத் தாய்மாரின் இடுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு அப்போது பேச்சு வந்திருக்கவில்லை. அவர்கள் பேசத் தொடங்கியது புத்தளம் மாவட்டத்து ஓலைக் கொட்டில்களில். ஊரை இழந்த அந்தப் பிள்ளைகள் மொழியையும் இழந்தார்களா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னர், ஒரு பிள்ளைக்கு மொழி எப்படி வந்து சேர்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மிகச் சிறிய ஓர் உருபை எடுத்துக்கொள்வோம். நான்காம் வேற்றுமையின் 'கு'. "வாப்பா நாளைக்குக் கடலுக்குப் போவார்" என்ற வாக்கியத்தின் சொற்களை நாம் பல விதமாக மாற்றிப் போடலாம். "கடலுக்கு வாப்பா நாளைக்குப் போவார்" என்றாலும் தமிழ்தான். ஆனால் 'கு'வைக் கடலுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளை எத்தனையோ பிழைகள் விடும். இந்தப் பிழையை விடுவதில்லை. உருபு பெயருக்குப் பின்னால்தான் வரும் என்று எந்த உம்மாவும் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததுமில்லை. வீட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்து, அதன் பெயரை முதன்முதலாகக் கேட்ட பிள்ளையும் மறுகணமே அதனோடு 'கு'வையும் 'ஆல்'ஐயும் ஒட்டிப் பேசிவிடும். அந்தச் சொல்லை உருபோடு அது அதற்கு முன்னர் கேட்டதேயில்லை.

கேட்டது கொஞ்சம், பேசுவது அளவற்றது என்ற இந்தப் புதிரிலிருந்துதான் நோம் சொம்ஸ்கி தொடங்கினார். கேட்டுப் பழகிய பழக்கமே மொழி என்ற ஸ்கின்னரின் கொள்கையை அவர் 1959இல் கடுமையாக மறுத்தார். மனிதக் குழந்தை மொழிக்கென்றே அமைந்த ஓர் அகவிலக்கணத்தோடு பிறக்கிறது என்பது அவர் வாதம். பிற்காலத்தில், 1980களில், அவ்விலக்கணத்தைச் சில பொதுவிதிகளும் அவற்றோடு சேர்ந்த சில தெரிவுகளும் கொண்டதாக அவர் விளக்கினார். சொற்றொடரின் தலைச்சொல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது அத்தகைய ஒரு தெரிவு. கேள்வி பிள்ளையின் உள்ளேயே இருக்கிறது. விடையைச் சுற்றியிருப்போரின் பேச்சு தருகிறது. அறபுப் பிள்ளை 'இலா'வைப் பெயருக்கு முன்னால் வைக்கப் பழகுவதும் தமிழ்ப் பிள்ளை 'கு'வைப் பின்னால் வைக்கப் பழகுவதும் ஒரே ஆற்றலின் இரு விளைவுகள்.

இக்கொள்கைக்கு எதிர்ப்பும் உண்டு. மொழிக்கெனத் தனியான பிறவி இலக்கணம் தேவையில்லை, பிறர் கருத்தை உய்த்துணரும் திறனும் கேட்டவற்றில் ஒழுங்கைக் காணும் திறனுமே போதும் என்பர் மைக்கேல் தொமசெல்லோ போன்றோர். வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் இரு சாராரும் ஏற்பது ஒன்றுண்டு. மனிதப் பிள்ளை மொழியை வெறுமனே திருப்பிச் சொல்வதில்லை; கேட்டதிலிருந்து அதைத் தானே கட்டியெழுப்புகிறது.

இந்த விவாதம் நம் மரபுக்கு அந்நியமானதன்று. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் மொழியை ஒரு 'மலகா' என்கிறார். திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் வேரூன்றும் ஆற்றல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பிள்ளை முதலில் தனிச்சொற்களைக் கேட்கிறது, பின் தொடர்களைக் கேட்கிறது, கேட்டுக் கேட்டே அது மொழியின் உடைமையாளனாகிறது என்பது அவர் விளக்கம். இலக்கண விதி தெரிந்திருப்பது வேறு, மொழியாற்றல் வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். நண்பனுக்கு இரண்டு வரி எழுதச் சொன்னால் பிழை விடும் இலக்கண விற்பன்னரை அவர் எள்ளுவதும் அங்கேதான். சொம்ஸ்கிக்கு ஆறு நூற்றாண்டு முந்திய முன்னோடி என்று அவரைக் கொண்டாட நமக்கு ஆசை எழலாம். அது பொருந்தாது. அறபிகள் தம் மொழியை இயற்கையாகவே பேசினர் என்று எண்ணுவோரை அவர் மறுக்கிறார். வேரூன்றிவிட்ட பழக்கம் இயற்கைபோலத் தோன்றுகிறது என்பதே அவர் நிலைப்பாடு. இன்றைய வாதத்தில் அவர் அமரக்கூடிய இடம் சொம்ஸ்கிக்கு எதிர்வரிசை.

பிறவியாற்றல் மட்டும் இருந்து, கேட்பதற்குப் பேச்சு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 1185இல் மறைந்த இப்னு துபைல், 'ஹய் இப்னு யக்ளான்' கதையில் ஓர் இந்தியத் தீவிலே மானின் பாலுண்டு தனியே வளரும் பிள்ளையைப் படைத்தார். அவன் சிந்தித்தே இறைவனை அறிகிறான். ஆனால் பேச்சு அவனுக்கு வரவில்லை. அப்ஸால் என்ற மனிதன் தீவுக்கு வந்து கற்பிக்கும்வரை அவன் அறிந்தவை விலங்குகளின் குரல்களே. அக்பர் இதைக் கதையாக விடவில்லை. பேசக்கூடாதெனக் கட்டளையிடப்பட்ட பணியாளரிடம் சில குழந்தைகளை ஒப்படைத்து வளர்த்தார். 1582இல் அங்கு சென்று பார்த்தபோது அப்பிள்ளைகளிடம் மொழியென்று எதுவும் இருக்கவில்லை என அபுல் பஸ்ல் பதிவு செய்திருக்கிறார். இதன் மறுபக்கத்தைக் காட்டியது நிக்கராகுவா. அங்கே 1970களின் பிற்பகுதியில் மனாகுவா நகரில், அதுவரை தத்தம் வீடுகளில் தனித்திருந்த செவிப்புலனற்ற பிள்ளைகள் ஒரு பாடசாலையில் ஒன்றுசேர்க்கப்பட்டனர். யாரும் கற்பிக்காமலே அவர்களிடையே ஒரு சைகைமொழி பிறந்தது. பின்னர் வந்து சேர்ந்த சிறு பிள்ளைகள் அதற்கு மேலும் செறிந்த இலக்கணத்தைக் கொடுத்தனர். ஆக மொழிக்கு ஆற்றல் வேண்டும், கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் வேண்டும்.

இந்த மூன்றையும் மனத்திற் கொண்டு மன்னார்க் கரையைப் பார்த்தால் அதன் வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது.

1344இல் இப்பக்கம் வந்த இப்னு பதூதா, 'பத்தாலா' என்று அவர் குறிப்பிடும் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது என்பதை அவர் எடுத்துச் சொல்கிறார். முத்து வணிகம் மன்னனையும் அந்நிய மொழி பயில வைத்திருந்தது. 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த முத்துக்குளிப்புகளில் பல்லாயிரம் பேர் கூடினர். பாரசீக வளைகுடாவின் அறபிகள், இந்தியக் கரையின் சுழியோடிகள், நம்மவர், செட்டிகள் எனப் பல நாவுகள் அங்கே கலந்தன. 1906இல் அங்கு பணியாற்றிய லெனார்ட் வுல்ப் அக்காட்சியைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இத்தனை மொழிகள் கலந்தும் அக்கரையில் புதிய மொழியொன்று பிறக்கவில்லை. சில வாரங்களில் கலைந்துவிடும் அந்தப் பட்டணத்தில் வளர்ந்து பெரியவனாகும் பிள்ளை இருக்கவில்லை. பெரியவர்கள் சந்தித்தால் சொற்கள் கைமாறும். இலக்கணம் பிறப்பதற்குப் பிள்ளைகள் தேவை.

பிள்ளைகள் இருந்த இடங்களில் நடந்ததைப் பாருங்கள். போர்த்துக்கேயர் மன்னாரில் 1658வரை இருந்தனர். அவர்கள் வழிவந்த கலப்பினக் குடும்பங்களில் உருவான கிரியோல் மொழி, ஒல்லாந்தர் காலத்திலும் அழியாமல், மட்டக்களப்பில் இன்றும் சில குடும்பங்களிடம் எஞ்சியிருக்கிறது. 1970களில் அதை ஆராய்ந்தவர் இயன் ஸ்மித். போர்த்துக்கேயத்தில் 'பாரா' என்பது பெயருக்கு முன்னால் வரும் சொல். மட்டக்களப்பிலோ அது 'பா' எனத் தேய்ந்து, நம் 'கு'வைப் போலவே, பெயரின் பின்னால் உருபாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வினையும் வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. சொல் லிஸ்பனுடையது, அடுக்கு தமிழினுடையது.

ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் அதன் அயல் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த மலாய்ச் சகோதரர்களின் மொழியிலும் இதுவே நடந்தது. தாயகத்து மலாயில் 'கெ' என்ற சொல் இடப்பெயருக்கு முன்னால் வரும். இலங்கை மலாயில் 'நங்' என்ற உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. மலாய்ச் சமூகத்தின் வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா, ஸ்மித், ஸ்கொட் பாவ் ஆகிய மூவரும் 2004இல் இணைந்து எழுதிய ஆய்வில், சோனகருடனான மணவுறவும் அதன்வழி வந்த முஸ்லிம் தமிழுமே இம்மாற்றத்துக்குக் காரணமென வாதிட்டனர். சிங்களத்திலும் உருபு பின்னால் வருவதால் அதன் பங்கையும் மறுக்க முடியாது என்போர் உளர். எவ்வாறாயினும் மலாயைத் தமிழ்போல் ஆக்கவென்று யாரும் திட்டமிடவில்லை. உம்மாவிடம் ஒரு மொழியையும் வாப்பாவிடம் இன்னொன்றையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து முடித்தனர்.

கலப்பு மொழியை வைத்து அகவிலக்கணத்தை நிறுவ முயன்றவர் டெரெக் பிக்கர்ட்டன். ஹவாயின் பிள்ளைகள் பெற்றோரின் உடைந்த பேச்சிலிருந்து முழுமொழியைக் கட்டியபோது இடைவெளிகளைப் பிறவி இலக்கணத்தால் நிரப்பினர் என்று 1981இல் அவர் எழுதினார். இலங்கையின் அனுபவம் அதற்குத் திருத்தம் சொல்கிறது. இங்கே பிள்ளைகள் இடைவெளியை நிரப்பியது அயலாரின் இலக்கணத்தால். ஆற்றல் பிறவியில் வந்தது. அதற்குரிய பொருளை அயல்வீடு கொடுத்தது.

முஸ்லிம்களின் தமிழைப் பற்றிய ஒரு பழைய இழிவுரைக்கும் இங்கே பதில் இருக்கிறது. அறபுச் சொற்கள் கலந்ததால் அது கொச்சை என்றும் பாதித் தமிழ் என்றும் சொன்னவர்கள் உண்டு. 'கபுறுக்கு', 'ஹவுளுக்கு', 'மௌத்தானார்', 'நிய்யத்து வைத்தார்' என்ற வழக்குகளைக் கவனியுங்கள். வேர் அறபுதான். ஆனால் உருபும் துணைவினையும் நிற்கும் இடம் தமிழ் வகுத்த இடம். அறபு எழுத்தில் எழுதப்பட்ட நம் அறபுத்தமிழ்க் கிதாபுகளிலும் வாக்கியம் தமிழ் வாக்கியமே. சொல்லை இரவல் வாங்குவதால் மொழி பாதியாவதில்லை.

இனி முகாமுக்கு வருவோம். 'முகாம்' என்ற சொல்லே அறபின் 'மகாம்', நிற்குமிடம், என்பதன் வழிவந்தது. அகதிப் பிள்ளை தன் வீட்டுக்கு வைத்த பெயர் அது. "முகாமுக்குப் போறன்" என்று அது சொன்னபோது 'கு' தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பாடசாலையும் நூலகமும் கூரையும் இல்லாமற் போன இடத்தில் இலக்கணம் இல்லாமற் போகவில்லை. புலம்பெயர்ந்தவர் எந்த உடைமையையும் கையில் எடுத்து வர முடியாத நாளில் இந்த ஒன்றைப் பறிக்க எவராலும் முடியவில்லை.

ஆயினும் அது பெற்றோரின் ஊர்ப்பேச்சு அப்படியே அல்ல. மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு எனப் பல ஊர்க் குடும்பங்கள் புத்தளத்தாரோடு அயலாயின. பிள்ளை நான்கு வயதுவரை வீட்டாரைப்போலப் பேசும், அதன்பின் தோழர்களைப்போலப் பேசும் என்பதை மொழியியலாளர் வேறு நாடுகளிற் கண்டிருக்கின்றனர். 1967இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட மில்டன் கீன்ஸ் நகரில், பல பகுதிகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் பெற்றோர் எவருடையதுமல்லாத பொதுப்பேச்சை நோக்கி நகர்ந்ததை போல் கெர்ஸ்வில்லும் ஆன் வில்லியம்ஸும் 1990களில் ஆராய்ந்து காட்டினர். முகாம் பிள்ளையின் பேச்சு ஊரார் பேச்சிலிருந்து விலகியிருந்தால் அதைக் கெட்டுப்போன தமிழ் என்று சொல்வது அறியாமை. அது விதிகள் நிறைந்த முழுத்தமிழ். ஆசிரியர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். தன் பேச்சு பிழையென்று கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்க அஞ்சும்.

அப்படியானால் இழப்பே இல்லையா? உண்டு. அது சொல்லில் நேர்ந்த இழப்பு. இலக்கணத்தைப் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும். பெயரைக் கட்ட அதனால் முடியாது. முத்துப் பார்களின் பெயர்கள், முசலியின் குளங்களின் கீழ் ஒவ்வொரு வயல் துண்டுக்கும் இருந்த பெயர்கள், ஒழுங்கைகளின் பெயர்கள், ஊர்ப் பட்டப்பெயர்கள் ஆகியவை அந்தப் பொருளின் முன்னே நின்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னால் மட்டுமே கைமாறும். 2009இன் பின் மீண்டவர்களிடம் காணி உறுதி இருக்கலாம்; காணியின் பெயர் வயது போனவர்களின் நாவில் மட்டுமே இருக்கிறது. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் மறையும்வரை இழந்த வீடுகளையும் நிலங்களையும் பதிவு செய்வதில் உழைத்தார். அந்தப் பதிவேட்டோடு சேர வேண்டிய சொற்பதிவேடு ஒன்று இன்னும் நமக்குத் தேவைப்படுகிறது.

வெளியேறியபோது இடுப்பிலிருந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைக் கடந்து, தாமே உம்மாவும் வாப்பாவுமாக இருக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளுக்கு இலக்கணத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்களின் மூத்தம்மாமாரோடும் அப்பாமாரோடும் ஒருநாள் வயல் வரம்பிலும் கடற்கரையிலும் நடந்து, கேட்ட பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைப்பது அவசரமான வேலை.