பாறுகளின் அழிவும் டைக்குளோஃபெனாக்கும்

பாறு அல்லது பிணந்தின்னிக் கழுகு என்பது இறந்த விலங்குகளின் உடலைத் தின்று வாழும் பெரிய பறவையாகும். தெற்காசியாவில் மிகப் பரவலாகக் காணப்பட்ட வெண்முதுகுப் பாறு, 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. வேட்டையோ காடழிப்போ இதற்கு முதன்மைக் காரணம் அன்று. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது, பாக்கித்தானில் நடைபெற்ற ஆய்வின் மூலம் 2004இல் தெரியவந்தது.

அழிவு நிகழ்ந்த விதம்

மருந்து செலுத்தப்பட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால், அதன் உடலில் மருந்து எஞ்சியிருக்கும். அதைத் தின்னும் பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது; உள்ளுறுப்புகளின் மீது யூரிக் அமிலம் வெண்மையாகப் படிந்து பறவை இறக்கிறது. ஒரே சடலத்தைப் பல பாறுகள் கூடித் தின்பதால், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் மருந்து இருந்தாலே இத்தகைய வீழ்ச்சிக்குப் போதுமானது எனக் கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் பறவையாதலால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

விளைவுகள்

பாறுகள் உண்ணாது விட்ட சடலங்கள் தெருநாய்களுக்கு இரையாயின; நாய்கள் பெருகியதால் வெறிநாய்க்கடி நோயின் அச்சமும் கூடியது. இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு இரையாக்கும் மும்பைப் பார்சிகளின் ஈமச் சடங்கும் தடைப்பட்டது.

தடை

கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா, நேபாளம், பாக்கித்தான் ஆகியவை 2006இல் தடை செய்தன. மெலாக்சிகம் மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குச் செலுத்தும் வழக்கம் நீடித்தது. தடையின் பெரிய ஓட்டை இதுவே. 2015இல் இந்தியாவில் மனிதருக்கான ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன.