பத்தொன்பது பேர் ஏறிய மேடை



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு நிகழ்ச்சியில் 'கோட்டா' என்ற பாடலை ஒலிபரப்பினேன். பாடியவர்கள் சென்னையைச் சேர்ந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவினர். இட ஒதுக்கீடு எங்கள் உரிமை என்று சொல்லுகிற பாட்டு. அது முடியுமுன்பே நிலையத்தின் தொலைபேசி அடித்தது. "அண்ணை, நல்ல பாட்டு எத்தனை இருக்கு, இது எங்களுக்குத் தேவையா? இஞ்ச சாதி எங்க இருக்கு?" என்று ஒரு நேயர் கேட்டார். கோபமாக அல்ல, மனம் நொந்துதான் கேட்டார். நேரடி ஒலிபரப்பில் இருந்தபடியால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சமாளித்த விதம் எனக்கே பிடிக்கவில்லை. ஆகையால் அந்தக் குழு எப்படி உருவானது, எப்படி மேலே வந்தது என்ற கதையை இம்மாத உரையாக வைக்கிறேன்.

முதலில் அந்தத் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் படித்த என் வயதுக்காரருக்குக் 'கோட்டா' என்றால் எழுபதுகளில் வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்குப் பல்கலைக்கழக வாசலை மூடிய சொல் அது. தமிழ்நாட்டிலோ, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடப் படியே ஏறவிடப்படாத மக்களுக்கு அதே சொல்தான் வாசலைத் திறந்தது. நேயர் பாட்டைக் கேட்டிருக்கமாட்டார், அந்தச் சொல் காதில் விழுந்ததுமே தொலைபேசியை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

றொக் இசை என்றால் நீளத் தலைமயிரும் கிற்றார் இரைச்சலும் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அதன் வேர் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டில் இருக்கிறது என்பதைப் பிந்தித்தான் அறிந்தேன். அந்த வரலாற்றில் நமது நகரத்துக்கும் ஒரு சிறு இடம் உண்டு. 1970 யூலை 16 முதல் 19 வரை இங்கே 'பலெர்மோ பொப் 70' என்ற விழா நடந்தது. நடந்த இடம் லா ஃபவோரித்தா அரங்கம். இன்று ரென்சோ பார்பெரா என்ற பெயரோடு, நம் பிள்ளைகள் உதைபந்தாட்டம் பார்க்கப் போகிற அதே அரங்கம்தான். டியூக் எலிங்டனும் அரீதா பிராங்ளினும் அங்கே வந்து இசைத்தார்கள். ஆர்தர் பிறவுண் என்ற ஆங்கிலேயப் பாடகர் மேடையிலேயே ஆடையைக் களைந்து கைதானதையும் சேர்த்துச் சொன்னால்தான் அக்காலத்து ஆட்களுக்குத் திருப்தி. அந்தப் பகிடியை விடுவோம். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழிவந்தோர் இந்த நகரத்தின் மிகப் பெரிய அரங்கில் விருந்தாளிகளாக வந்து பாடினார்கள். இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு சனத்தின் பாட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

தமிழில் இதற்கு மிகக் கிட்டிய இசை எது என்று கேட்டால், வடசென்னையின் கானா என்பேன். உழைக்கும் மக்கள் வாழும் குடியிருப்புகளில், முக்கியமாகச் செத்தவீடுகளில், இரவு முழுக்கப் பாடப்படுவது. இறந்தவரின் குணம், வாழ்க்கையின் நிலையாமை, பிறகு கொஞ்சம் கேலி, கொஞ்சம் காதல். சித்தர் பாடல்களின் சாயலும் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் சாயலும் அதில் உண்டு என்பார்கள். தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் ஆடினார்கள். ஆனால் அதைப் பாடிய மக்கள் படத்தில் பெரும்பாலும் சண்டியராகவும் குடிகாரராகவும்தான் காட்டப்பட்டார்கள்.

'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' படங்களை எடுத்த இயக்குநர் பா. ரஞ்சித்தை நேயர்கள் அறிவீர்கள். அவர் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையமும், 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறிய ஒலிப்பதிவு நிறுவனத்தை நடத்திய இசைக்கலைஞர் டென்மாவும் 2017ஆம் ஆண்டில் கைகோர்த்தார்கள். கானாப் பாடகர்கள், சொல்லிசைப் பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம் அடிப்பவர்கள், கிற்றார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் எல்லோரையும் அழைத்துப் பாடவைத்து, வாசிக்கவைத்து, 19 பேரைத் தெரிவு செய்தார்கள். கானா முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, அறிவு என்று நீளும் அந்தப் பட்டியலில் பெண் ஒருவர்தான். அவர் பெயர் இசைவாணி.

குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845இல் பிறந்தவர், சித்த வைத்தியர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கியவர். குடிசன மதிப்பீட்டில் தம் மக்களைச் சாதியற்றவர்களாகப் பதியவேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்த எண்ணத்திலிருந்துதான் 'சாதியற்ற கூட்டம்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் வந்தது. அவருக்கு எங்கள் நாட்டோடும் தொடர்பு உண்டு. 1898இல் கேணல் ஒல்கொட்டுடன் இலங்கைக்கு வந்து, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். நான் பள்ளியில் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் ஒல்கொட் இருந்தார், அயோத்திதாசர் இருக்கவில்லை.

இனி அவர்கள் ஒத்திகை பார்த்த விடயத்துக்கு வருகிறேன். இது பாட்டுக்காரருக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். பறையின் தோலை நெருப்பில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். தோல் ஆற ஆறச் சுருதி இறங்கிக்கொண்டே போகும். கிற்றாரோ ஒருமுறை முறுக்கினால் நின்ற இடத்தில் நிற்கும். கானாப் பாடகர் உச்சத் தொண்டையில், தன் மூச்சுக்கு ஏற்றபடி அடியை நீட்டியும் குறுக்கியும் பாடிப் பழகியவர். டிரம்ஸ் வாசிப்பவர் எண்ணிக்கை தவறாமல் அடிப்பவர். இந்த இரண்டு பழக்கமும் ஒன்றோடொன்று ஒட்டவேண்டும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாகவேண்டும். வழமையாகச் சினிமாப் பாட்டில் விட்டுக்கொடுப்பது பறைதான். கிற்றாரும் வயலினும் முன்னே நிற்க, பறை ஒரு 'எபெக்ட்' ஆக இரண்டு இடத்தில் வந்து போகும். இந்தக் குழுவின் பாட்டுகளைக் காதொலிக்கருவி போட்டுக் கேட்டுப் பாருங்கள். சட்டியும் பறையும் நடுவில் நிற்கின்றன, கிற்றார் அவற்றைச் சுற்றி வருகிறது. இவர்கள் செய்ததில் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். பாட்டின் கருத்தை விட, எது நடுவில் நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

எங்கள் ஊரிலே செத்தவீட்டுக்குப் பறை அடிக்க வருபவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் படலைக்கு வெளியேதான் நிற்பார்கள். வெயிலோ மழையோ, வளவுக்குள் வரமாட்டார்கள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

2018 ஜனவரி 6ஆம் திகதி, சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. எல்லோரும் ஒரே மாதிரிக் கோட் சூட் அணிந்து ஏறினார்கள். டாக்டர் அம்பேத்கரின் உடையை நினைத்துச் செய்தது அது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி உண்பது, கையால் மலம் அள்ளும் அவலம், ஆணவக்கொலை என்று மேடையில் பாடத் தயங்கும் எல்லாவற்றையும் பாடினார்கள். ஆனால் அழுகுரலில் அல்ல. சனம் எழுந்து ஆடியது. கானா அப்படித்தான், பிணத்தின் பக்கத்திலிருந்தே ஆடவைக்கும்.

அதே ஆண்டில் 'மகிழ்ச்சி' என்ற இசைத்தொகுப்பு வந்தது. கபாலியில் ரஜினிகாந்த் அடிக்கடி சொல்லும் சொல்லாயிற்றே என்று நீங்கள் நினைப்பது சரி. 2018 டிசம்பரில் நீலம் நடத்திய வானம் கலைத்திருவிழாவிலும் பாடினார்கள். கணக்குப் பார்க்கும் தொழில் என்னுடையது, ஆகவே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீற்றில்ஸ் நான்கு பேர். ஐந்து பேரைத் தாண்டினாலே ஒரு றொக் குழுவுக்குப் போக்குவரத்தும் சாப்பாடும் கட்டாது. 19 பேரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சம்பளமும் கொடுப்பதென்றால், நுழைவுச்சீட்டுப் பணத்தில் அது ஒருநாளும் நடக்காது. பின்னால் ஒரு பண்பாட்டு நிறுவனம் இருந்தபடியால்தான் நின்றார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு. நிறுவனத்தின் குரலா குழுவின் குரலா என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும்.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கியது. சென்னையில் மார்கழி என்றால் சபாக்களில் கர்நாடக சங்கீதம். அதே மாதத்தில், அதே நகரத்தில் ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடை ஏறின. கர்நாடக இசையை விரும்பிக் கேட்பவன் நான். எனக்கு இதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதம் போதும்.

இசைவாணி வடசென்னைப் பெண். சிறுவயது முதல் பாடியவர். கானா ஆண்களின் பாட்டு என்றிருந்த இடத்தில் நின்று பெயர் எடுத்தார். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. புகழோடு தொல்லையும் வந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த காலத்தையொட்டி அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடல், 2024 நவம்பரில் திடீரென்று கிளப்பப்பட்டது. அவர்மீது முறைப்பாடுகள், அவருக்கு மிரட்டல்கள். ஆறு வருடம் கழித்து.

அறிவின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை இங்கே பிறந்தநாள் விழா மண்டபங்களில் போடாத ஆள் இல்லை. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடியது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பெண். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அந்தச் சனத்தின் காணியற்ற வாழ்க்கைதான் அந்தத் துள்ளல் பாட்டு. எங்கள் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள், நாங்கள் கைதட்டினோம். அது எங்கள் தீவின் கதை என்று எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொன்னோம்?

பிறகு நடந்ததும் பதியப்படவேண்டும். 2021 ஆகஸ்ட்டில் 'றோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டையில் தீயின் படமும், கனடாவில் வாழும் நம்மவரான ஷான் வின்சென்ட் டி போலின் படமும் வந்தன. அறிவு இல்லை. 2022 யூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அந்தப் பாடல் அறிவு இல்லாமலே பாடப்பட்டது. யாருடைய உழைப்பு எவ்வளவு என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அதற்குள் இறங்கித் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் எழுதிப் பாடியவர் மேடையில் இல்லாமல் பாட்டு மட்டும் மேடையில் இருப்பது புதிய விடயம் அல்ல என்று மட்டும் சொல்வேன். அறிவு பின்னர் தனிவழியில் 'அறிவு அண்ட் தி அம்பாசா' என்ற குழுவை அமைத்தார்.

இப்போது நேயரின் கேள்விக்கு வருகிறேன். இங்கே சாதி எங்கே இருக்கு? மொந்தே பெல்லெகிறீனோ மலையில் சாந்தா ரொசாலியாவிடம் நடந்து போகும்போது, சைவர் வேதக்காரர் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் சேர்ந்துதான் ஏறுகிறோம். அங்கே இல்லை. பல்லறோச் சந்தையில் மீன் வாங்கும்போதும் இல்லை. இத்தாலியர் வீடுகளில் தரை துடைக்கப் போனபோது நாங்கள் எல்லோரும் ஒரே வேலைதான் செய்தோம்.

ஆனால் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். ஊரைச் சொன்னதும் "அதில எந்தக் குறிச்சி?" என்று கேட்கிறோம். "ஆற்றை ஆக்கள்?" என்பது மூன்றாவது கேள்வி. மூன்றாவது கேள்விக்குப் பிறகு முகம் மாறுவதை, வரிப்படிவம் நிரப்ப வருபவர்கள் என் மேசைக்கு முன்னால் காத்திருந்து கதைக்கும்போது பலமுறை கண்டிருக்கிறேன். கலியாணப் பேச்சு என்றால் அது முதல் கேள்வியாகவே வந்துவிடும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் 1968இல் மறியல் நடந்தபோது நான் பிறக்கவில்லை. அந்த வாசலில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று என் வீட்டில் யாரும் கதைத்ததும் இல்லை. எங்கள் வீட்டுக் கலியாணத்துக்குப் பேச்சு வந்தபோது, அந்தக் குறிச்சிக் கேள்வியை நானும் கேட்டேன். வானொலியில் 'கோட்டா' போட்டவன்தான் கேட்டேன். தொலைபேசியில் அந்த நேயருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வாய் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

வரும் ஞாயிறு நிகழ்ச்சியில் இந்தக் குழுவின் மூன்று பாடல்கள் ஒலிபரப்பாகும். முதலில் 'கோட்டா'. பாடலுக்கு முன் இட ஒதுக்கீடு பற்றி ஐந்து நிமிடம் பேசுவேன். பாடல்கள் முடிந்தபின் தொலைபேசி இணைப்பு அரைமணி நேரம் திறந்திருக்கும். அன்று அழைத்த நேயர் மீண்டும் அழைப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.