கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

எஸ்.யு.வி. வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் இருக்கும் தட்டைக் கழற்றினால் ரத்தம் மாதிரி சிவப்பாக வடியும். பயப்படாதீர்கள், சாயம்தான் :-) ஒழுகினால் இன்ஜின் ஆயிலா கியர்பாக்ஸ் ஆயிலா என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கலப்பது. ஆனால் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் விற்ற இந்த ஆயிலில் நிஜமாகவே ஓர் உயிரினத்தின் பங்கு இருந்தது. எண்ணெய்த் திமிங்கலம்! தூத்துக்குடி பக்கம் அம்பர்கிரிஸ் பறிமுதல் என்று செய்தி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸைத் தரும் அதே திமிங்கலம்தான்.

கதையை முதலிலிருந்து பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் 1939ல் ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தியது. இரண்டாம் உலகப்போரில் அது எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள்ளும் போனது. போருக்குப் பின் இந்தக் கார்கள் பெருகவே, 1949ல் 'டைப் ஏ' என்று ஆயிலுக்கு ஒரு தரம் வகுத்தார்கள். 1957ல் அதைத் திருத்தினார்கள். 1967ல் டெக்ஸ்ரான் வந்தது.

எஸ்.யு.வி. என்ற பெயரே புழக்கத்தில் இல்லாத காலம் அது. ஆனால் 1963 மாடல் ஜீப் வேகனீயர் வந்துவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர் கிடைத்தது அதில்தான் முதல்முறை. சில வருடங்களில் அதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ரா-மேட்டிக் 400 கியர்பாக்ஸே வந்தது. கூடவே அந்த ஆயிலும்.

சரி, திமிங்கலம் எதற்கு? கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று பிடிக்கும். வழுக்கல் நின்று முழுதாகப் பிடிக்கும் அந்தக் கடைசி நொடியில் உராய்வு சட்டென்று ஏறினால் வண்டி வெடுக்கென்று உதறும். ஏறாமல் தடுக்க, உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் பொருள் ஒன்று வேண்டும். எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையில் கிடைக்கும் எண்ணெய் நம் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வகையே அல்ல; அது திரவ மெழுகு. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தினால் இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. தோல் பதனிடுவது முதல் பல தொழில்களுக்கும் அது போயிற்று. போர்க்கால அவசரத்துக்கென்று அமெரிக்க அரசே சேமித்து வைத்திருந்தது. உலகம் முழுக்க 1964ல் மட்டும் ஏறத்தாழ 29 ஆயிரம் எண்ணெய்த் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. சோவியத் கப்பல்கள் மறைத்த கணக்கு 1990களில்தான் வெளியே வந்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். வேறு வழியே இல்லாமலா இதைச் செய்தார்கள்? ஃபோர்டு கம்பெனி 1967ல் 'டைப் எஃப்' என்று தனி ஆயில் கொண்டுவந்தது. உராய்வைக் குறைக்கும் இந்தச் சேர்க்கையே அதில் இல்லை. கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாக விழும், அவ்வளவுதான். வண்டி ஓடத்தானே செய்தது? ஆக, திமிங்கலத் தலையிலிருந்து வாங்கியது பெரும்பாலும் சொகுசைத்தான்.

இதை நிறுத்தியது இன்ஜினியர்கள் அல்ல, சட்டம். 1970ல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அடுத்து 1972ல் கடல் பாலூட்டிகள் சட்டம், 1973ல் அழியும் உயிரினங்கள் சட்டம். சரக்கு வரத்து நின்றது. 1973 வாக்கில் மாற்று ரசாயனங்களோடு டெக்ஸ்ரான் II வந்தது. வந்த வேகத்தில் இன்னொரு தலைவலி: புது ஆயில், கூலரின் பற்றவைப்பு இணைப்புகளை அரித்தது! 1970களின் நடுவிலேயே திருத்திய இன்னொரு வடிவம் விட வேண்டியதாயிற்று. "திமிங்கலத்தை எடுத்ததால்தான் கியர்பாக்ஸ் எல்லாம் கெட்டுப்போச்சு" என்பார் இன்றும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அரித்தது அவசரத்தில் போட்ட புதுச் சேர்க்கைதானே?

பாலைவனச் செடியான ஹோஹோபாவின் கொட்டையில் இருப்பதும் திரவ மெழுகுதான் என்று அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1933லேயே கண்டுபிடித்திருந்தார்கள். நாற்பது வருடம் அது சீந்துவாரில்லாமல் கிடந்தது. திமிங்கலம் கிடைக்காமல் போனதும்தான் விவசாயம், ஆராய்ச்சி என்று சூடுபிடித்தது.

இன்னொரு வேடிக்கை. தட்டைக் கழற்றி மாற்றினால் ஆயில் முழுக்க வடியாது, பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் 1973க்குப் பிறகு புது ஆயில் ஊற்றிய பழைய வேகனீயர்களிலும் பல காலம் பழையதும் புதியதும் கலந்தேதான் ஓடியிருக்கும். பழுதுபார்த்து ஓட்டும் பிரியர்கள் இன்றும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2005ல் வந்த டெக்ஸ்ரான் VIஐ அதில் ஊற்றலாம்.